நாடு முழுக்க வீட்டு விலை ஏறும் என்கிறார்கள். கோவையில் இப்போது வாங்கலாமா?

கேள்வி இதுதான். ஊர் பெருந்துறைப் பக்கம். வேலை சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில், இருப்பது வாடகை வீட்டில். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு நாடு முழுவதும் வீட்டு விலை ஏறும் என்று அறிக்கைக்கு மேல் அறிக்கையாக வருகிறது. 60 லட்சம் ரூபாய்க்கு ஒரு ஃபிளாட்டை இப்போதே வாங்குவதா, விலை இறங்கட்டும் என்று பொறுப்பதா? இல்லை, அன்னூர்ப் பக்கம் இரண்டு சைட் (வீட்டு மனை) வாங்கிப் போட்டுவிட்டு வாடகையிலேயே இருந்துவிடலாமா? அப்பா ஊரில் இருக்கும் ஒரு ஏக்கர் காட்டை, அதாவது விவசாய நிலத்தை, விற்றுத் தருகிறேன் என்கிறார்.

வங்கிகளுக்குச் சொத்து மதிப்பீடு செய்து கொடுப்பது என் தொழில். கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் சுற்றுகிறவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், தம்பி: நாட்டுக்கான கணிப்பு பொய் இல்லை, ஆனால் உங்கள் கேள்விக்கு அதில் பதில் இல்லை. வீட்டுச் சந்தை எந்தப் பக்கம் போகிறது என்று தெரிய வேண்டுமானால் விலையைப் பார்ப்பதைவிட, எத்தனை சொத்து கைமாறுகிறது என்று பார்ப்பதுதான் பயன் தரும். நம் பக்கம் விலை இறங்குவது அபூர்வம். நின்றுபோகும். வருடக்கணக்கில் நிற்கும். நிற்கப் போகிறதா, ஓடப் போகிறதா என்பதுதான் வாங்குபவருக்குத் தெரிய வேண்டிய விஷயம்.

அந்த அறிக்கைகள் எதை அளக்கின்றன என்று முதலில் பார்த்துவிடலாம். செய்தியில் வரும் பெரும்பாலான கணிப்புகள் ஏழெட்டுப் பெருநகரங்களைப் பற்றியவை: மும்பை, டெல்லி சுற்றுவட்டாரம், பெங்களூரு, புனே, ஹைதராபாத், சென்னை, கொல்கத்தா, சிலவற்றில் அகமதாபாத். அதுவும் பெரும்பாலும் பில்டர்கள் விற்கும் புது அடுக்குமாடி வீடுகளின் விலை. கோவை அந்தப் பட்டியலில் வராது. நாம் அதிகம் வாங்குவது சைட்டும் தனி வீடும்தான், அதுவும் வராது. ரிசர்வ் வங்கியும் ஒரு வீட்டு விலைக் குறியீடு வெளியிடுகிறது. பல ஆண்டுகளாக அது 10 நகரங்களின் பத்திரப் பதிவுகளை வைத்துக் கணக்கிடப்பட்டது. அந்தப் பத்தில் தமிழ்நாட்டுக்குச் சென்னை மட்டும்தான். தேசிய வீட்டுவசதி வங்கியின் ரெசிடெக்ஸ் குறியீடு 50 நகரங்களைப் பார்க்கிறது, அதில் கோவை உண்டு. கடன் கொடுக்கும் வங்கிகளின் மதிப்பீட்டு விவரங்களிலிருந்து அது போடப்படுகிறது. அதாவது என்னைப் போன்றவர்கள் எழுதும் தொகைதான் அங்கே போய்ச் சேர்கிறது. உங்களுக்கு இருப்பதில் கொஞ்சமாவது பொருந்துவது அதுதான். ஆனாலும் கட்டிய வீட்டுக்கானது, வெறும் சைட்டுக்கானது இல்லை.

பத்திரப் பதிவை வைத்துப் போடும் எந்தக் கணக்கிலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. நம் மாநிலத்தில் பத்திரத்தில் எழுதும் தொகை, பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பை ஒட்டியே நிற்கும். கைக்குக் கை போன தொகை வேறாக இருக்கும். 2017 ஜூனில் அரசு வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தது. 2023-ல் அந்தக் குறைப்பை எடுத்துவிட்டு, பதிவுக் கட்டணத்தை 4 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாக்கியது. இந்த இரண்டு சமயத்திலும் பதிவு விவரத்தை மட்டும் பார்ப்பவருக்கு விலை விழுந்த மாதிரியும் ஏறிய மாதிரியும் தோன்றும். சைட் அதே சைட், கேட்ட விலையும் அதே விலை.

இப்போது 'ஏறும்' என்ற சொல்லுக்கு வருவோம். வருடம் 6 சதவீதம் ஏறும் என்று ஒரு கணிப்பு சொன்னால், விலைவாசி எவ்வளவு ஏறும் என்று உடனே கேளுங்கள். ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் பணவீக்க இலக்கே 4 சதவீதம். மிச்சம் 2. அதிலும் சொத்தை வாங்கும்போதும் விற்கும்போதும் செலவு உண்டு. 10 லட்சத்துக்கு வாங்கிய சைட் பத்து வருடத்தில் 20 லட்சம் ஆனால் 'டபுளாயிடுச்சு' என்று விசேஷ வீட்டில் பெருமையாகப் பேசுவார்கள். கணக்குப் போடுங்கள். முத்திரைக் கட்டணம், பதிவு எல்லாம் சேர்த்து 9 சதவீதம், புரோக்கர் கமிஷன் ஒரு சதவீதம் என்று வைத்தால் உங்களுக்கு அடக்கம் 11 லட்சம். விற்கும்போது கமிஷன் 2 சதவீதம் போனால் கையில் 19 லட்சத்து 60 ஆயிரம். இது வருடத்துக்கு 6 சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. 2024 ஜூலை 23-க்குப் பிறகு வாங்கிய சொத்துக்குப் பணவீக்கச் சரிக்கட்டு இல்லாமல் 12.5 சதவீத மூலதன ஆதாய வரி. அதையும் கட்டினால் சுமார் 5.3 சதவீதம்தான். முள் வெட்டியது, வேலி போட்டது, கல் நட்டது எதையும் நான் சேர்க்கவில்லை.

இனி விலையை ஏற்றுகிற சக்திகள். முதலாவது வட்டி. நாடு முழுவதும் ஒரே நேரத்தில் வேலை செய்வது இது ஒன்றுதான், அதனால் தேசியக் கணிப்பில் நம்பி எடுத்துக்கொள்ள வேண்டிய பகுதியும் இதுதான். ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டிக்கு ரெப்போ என்று பெயர். கொரோனா சமயத்தில் அது 4 சதவீதத்துக்கு இறங்கியது. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் 6.5-க்கு ஏறியது. 2025-ல் நான்கு தடவை குறைந்து டிசம்பரில் 5.25-க்கு வந்தது. 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகள் கொடுக்கும் மாறும் வட்டி வீட்டுக் கடன் வெளி அளவுகோலோடு, பெரும்பாலும் ரெப்போவோடு, கட்டப்பட்டிருப்பதால் இது நேராக உங்கள் தவணையில் தெரியும்.

இது எப்படி விலையாக மாறுகிறது என்று பாருங்கள். மாதம் 40,000 ரூபாய் ஈ.எம்.ஐ கட்டக்கூடிய ஒருவருக்கு, 20 வருடத் தவணையில், வட்டி 9.5 சதவீதமாக இருந்தால் சுமார் 43 லட்சம் கடன் கிடைக்கும். 7.5-ஆக இருந்தால் கிட்டத்தட்ட 50 லட்சம். சம்பளம் ஒரு ரூபாய் ஏறவில்லை, கையில் ஏழு லட்சம் கூடுதலாக வந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரருக்கும் அப்படியே வந்திருக்கும். இரண்டு பேரும் ஒரே ஃபிளாட்டைப் பார்க்கப் போனால் அந்த ஏழு லட்சத்தில் பெரும்பங்கு பில்டரிடம் போகும். வட்டி குறைந்தவுடன் 'இதுதான் நேரம்' என்று எல்லோரும் சொல்லும்போது வாங்குபவருக்கு உண்மையில் லாபம் குறைவாக இருப்பதற்குக் காரணம் இது. வட்டி ஏறும்போது இதற்கு நேர்மாறாக விலை இறங்க வேண்டும் அல்லவா? நம் பக்கம் இறங்குவதில்லை. அங்கேதான் நான் முதலில் சொன்ன விஷயம், கைமாறும் எண்ணிக்கை, வருகிறது.

2016 செப்டம்பர் 9 அன்று அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கொங்கு நாட்டில் ஊருக்கு வெளியே போட்டிருந்த லேஅவுட்களில் ஏராளமானவை பஞ்சாயத்து அனுமதியை மட்டும் வைத்து விற்றவை. ஒரே நாளில் அவை அசையாமல் நின்றன. இரண்டே மாதத்தில், நவம்பர் 8-ல், பணமதிப்பு நீக்கம். அடுத்த ஜூலையில் ஜி.எஸ்.டி. திருப்பூரிலும் கோவையிலும் கையில் ரொக்கம் புழங்கிய தொழில்கள்தான் சைட் வாங்கும் பணத்தின் ஊற்று. அது வற்றியது. 2018 செப்டம்பரில் ஐ.எல்.அண்ட்.எஃப்.எஸ் என்ற பெரிய நிதி நிறுவனம் தவணை கட்டத் தவறியபின் வங்கி அல்லாத நிதி நிறுவனங்கள் கடன் கொடுப்பதைச் சுருக்கிக்கொண்டன.

இத்தனைக்கும் பிறகு சைட் விலை என்ன ஆனது? கேட்டால் அதே ரேட்டுதான் சொன்னார்கள். "இதுக்குக் கீழ கட்டுபடியாகாதுங்க" என்பார்கள். ஆனால் வாங்க ஆள் இல்லை. மதிப்பீட்டுக்குப் போனால், பக்கத்தில் சமீபத்தில் நடந்த கிரயம் ஒன்றைக் காட்டு என்று வங்கி கேட்கும். லேஅவுட் முழுக்கத் தேடினாலும் ஒரு வருடத்துக்குள் நடந்த கிரயம் ஒன்றுகூட அகப்படாத இடங்கள் இருந்தன. விலை இருந்தது, விற்பனை இல்லை. கிரயமே நடக்காத ரேட்டை விலை என்று எப்படிச் சொல்வது?

ஏன் இறங்கவில்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது. 2008-ல் அமெரிக்காவில் வீட்டு விலை சரிந்ததற்குப் பெரிய காரணம், கடனில் வாங்கியவர்கள் தவணை கட்ட முடியாமல் போய், வங்கிகள் கிடைத்த விலைக்கு விற்றுத் தள்ளியது. நம் பக்கம் சைட் வாங்குபவர் பெரும்பாலும் சொந்தச் சேமிப்பில் வாங்குகிறார். மஞ்சளோ தேங்காயோ நல்ல விலை போன வருடத்துப் பணம், சீட்டு எடுத்த பணம், மகள் கல்யாணத்துக்கு என்று போட்டு வைத்தது. மாதத் தவணை கழுத்தை நெரிக்காது. அதனால் காத்திருக்கிறார். ஐந்து வருடம் அதே ரேட்டில் நின்றால் பணவீக்கம் ஐந்தில் ஒரு பங்கு மதிப்பைத் தின்றுவிடும், ஆனால் அது அவர் கண்ணுக்குத் தெரியாது. குறைத்து விற்றேன் என்ற பேச்சு வரக்கூடாது, அவ்வளவுதான்.

ஆகவே 'இறங்கட்டும், வாங்கலாம்' என்று காத்திருப்பவர் இங்கே ஏமாந்துபோவார். அவர் எதிர்பார்க்கும் இறக்கம் பலகையில் எழுதியிருக்கும் ரேட்டில் வராது. பேரத்தில் வரும். கைமாறும் எண்ணிக்கை குறைந்த காலத்தில், பணத்துக்கு அவசரப்படும் ஒருத்தர் எப்படியும் இருப்பார். மருத்துவச் செலவு, பாகப்பிரிவினை, வெளிநாட்டில் இருக்கும் மகன், இப்படி. அவரிடம் பத்துப் பன்னிரண்டு சதவீதம் குறைத்து வாங்குபவருக்குத்தான் இறக்கத்தின் பலன் கிடைக்கிறது.

எண்ணிக்கையை எப்படிப் பார்ப்பது? இதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றை இலவசமாகவே பார்க்கலாம். மண்டலம், மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு கொடுத்தால் அந்த எண்ணில் நடந்த எல்லாப் பதிவுகளும் வரும். பெரும்பாலானவர்கள் வாங்கப் போகும் மனை எண்ணை மட்டும் தேடி, அடமானம் ஏதும் இல்லை என்று பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். மனை எண் போடாமல் லேஅவுட்டின் சர்வே எண் முழுவதையும் எடுங்கள். பத்து வருடத்துக்கு எடுங்கள். 'தன்மை' என்ற பத்தியில் கிரயம் எத்தனை, தானம், செட்டில்மெண்ட் எத்தனை, அடமானம் எத்தனை என்று பிரித்து எண்ணுங்கள். வருடவாரியாக ஒரு தாளில் குறியுங்கள்.

அந்தத் தாள் பேசும். லேஅவுட் போட்ட வருடத்தில் முப்பது நாற்பது கிரயம், எல்லாம் லேஅவுட் போட்டு விற்ற புரமோட்டர் எழுதிக் கொடுத்தது. அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒன்று, இரண்டு என்று இருந்தால், வாங்கியவர்கள் யாரும் விற்று வெளியேற முடியவில்லை என்று அர்த்தம். முதல் விற்பனையைத் தள்ளிவிடுங்கள். மறுவிற்பனைதான் சந்தை. புரமோட்டர் சொல்லும் ரேட்டுக்கு மறுவிற்பனை நடக்கிறதா என்று பாருங்கள். வில்லங்கச் சான்றில் 'கைமாற்றுத் தொகை', 'சந்தை மதிப்பு' என்று இரண்டு தொகை இருக்கும். அதில் கைமாற்றுத் தொகை சந்தை மதிப்பைவிடத் தெளிவாக மேலே நிற்கும் கிரயம் பெரும்பாலும் வங்கிக் கடனில் வாங்கியது, உண்மை விலைக்கு நெருக்கமானது. அடமானப் பதிவும் நல்ல அடையாளம்தான். வங்கி கடன் கொடுத்திருக்கிறது, ஆள் வீடு கட்டிக் குடியேறுகிறார் என்று பொருள். கிரயம் மட்டுமே மாறி மாறி நடந்து ஒரு வீட்டுக் கடன்கூட இல்லாத லேஅவுட்டில் முதலீட்டாளர்கள் ஒருவருக்கொருவர் விற்றுக்கொண்டிருக்கிறார்கள். குடியிருக்க ஆள் வராத இடத்தில் அந்த விலை எத்தனை நாள் தாங்கும்?

இன்னொன்று, வங்கி ஏல அறிவிப்புகள். கடன் கட்டாதவரின் அடமானச் சொத்தை வங்கியே விற்க வழிசெய்யும் சர்ஃபேசி சட்டத்தின் கீழ் வரும் ஏல விளம்பரங்களை நாளிதழில் எல்லோரும் புரட்டிவிட்டுப் போகிறோம். விலை இறங்காத ஊரில் இறங்கிய விலை அச்சில் வரும் ஒரே இடம் அது. முதல் ஏலத்தில் அடிப்படை விலை ஒன்று போடுவார்கள். ஆள் வரவில்லை என்றால் அடுத்ததில் குறைப்பார்கள். எத்தனையாவது ஏலத்தில், எவ்வளவு குறைந்த பிறகு அறிவிப்பு நின்றது என்று ஒரு பகுதியைத் தொடர்ந்து கவனித்தால், அங்கே அவசரத்துக்கு விற்றால் என்ன கிடைக்கும் என்று தெரிந்துவிடும். முதலீடாக வாங்குபவர் பலகை விலையைவிட இந்த விலையைத்தான் மனதில் வைக்க வேண்டும்.

விலையை ஏற்றுகிற இரண்டாவது சக்தி நிலத்தின் இருப்பு. தேசியக் கணிப்பில் இது வரவே வராது, ஆனால் கோவையில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது இதுதான். நகரத்துக்கு மேற்கே மலை. தொண்டாமுத்தூர், மதுக்கரை, பெரியநாயக்கன்பாளையம் வட்டாரங்களில் மலையடிவாரக் கிராமங்கள் பல ஹாகா எனப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. அங்கே லேஅவுட் போட அந்த அனுமதியும் வேண்டும். யானை வழித்தடப் பிரச்சினையும் அந்தப் பக்கம்தான். ஆகவே வடவள்ளிப் பக்கம் தேவை கூடினால் அது விலையில் தெரியும், ஏனென்றால் புதுச் சைட் சுலபமாக வராது. வடக்கிலும் கிழக்கிலும் கதை வேறு. அன்னூர், கருமத்தம்பட்டி, சூலூர் தாண்டி வானம் பார்த்த காடுகள். தேவை வந்தால் ஆறு மாதத்தில் பக்கத்துக் காட்டுக்காரரும் கல் நட்டுவிடுவார். உங்கள் சைட்டுக்கு விலை ஏறாமல் தடுப்பது எதிரே வரும் புது லேஅவுட்தான். 'ஊர் வளருது' என்பது உண்மையாக இருந்தாலும், வளர்ச்சி விலையாக மாறுமா, எண்ணிக்கையாக மாறுமா என்பது பக்கத்தில் எவ்வளவு வெறும் நிலம் கிடக்கிறது என்பதைப் பொறுத்தது.

அறிவிப்பைப் பார்த்து வாங்குவது பற்றியும் சொல்ல வேண்டும். அவினாசி சாலையிலும் சத்தி சாலையிலுமாக 39 கி.மீ. மெட்ரோ என்று திட்ட அறிக்கை போனது. 'மெட்ரோ வருது' என்பது சைட் விற்பவர்களின் முதல் வரியாகவே ஆனது. 2025 நவம்பரில், 20 லட்சம் மக்கள்தொகை என்ற கொள்கை அளவைக் காட்டி மத்திய அரசு அதைத் திருப்பி அனுப்பியது. மெட்ரோவுக்கென்று கூடுதலாகக் கொடுத்தவர்களின் பணம் இப்போது அங்கே முடங்கிக் கிடக்கிறது. அதே அவினாசி சாலையில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கி.மீ. மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்து, கண்ணெதிரே ஓடுகிறது. கட்டி முடிந்ததற்கு விலை கொடுங்கள், அறிவித்ததற்குக் கொடுக்காதீர்கள். அறிவிப்பு விலையில் ஏற்கெனவே ஏறியிருக்கும். திட்டம் வந்தால் நீங்கள் கொடுத்ததற்குச் சரியாகும், வராவிட்டால் நட்டம் முழுவதும் உங்களுக்கு.

மூன்றாவது சக்தி வருமானம். கோவை ஐ.டி சம்பளம், திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதி, கரூர் வீட்டு உபயோகத் துணி, நாமக்கல் கோழியும் லாரியும், பொள்ளாச்சித் தென்னை. இவை ஒரே தாளத்தில் ஆடுவதில்லை. 2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சுமார் 700 பட்டறைகள் நின்றன. அதே நேரம் நாட்டின் மற்ற நகரங்களில் வீட்டு விலை ஏறிக்கொண்டிருந்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீதம் வரி போட்டபோதும் முதல் அடி திருப்பூருக்கு. ஐ.டி ஊழியருக்கு அது செய்தி மட்டுமே. நீங்கள் சரவணம்பட்டியில் ஃபிளாட் வாங்குகிறீர்கள் என்றால் உங்களோடு போட்டிக்கு வருபவர் மென்பொருள்காரர், பெங்களூருவிலிருந்து திரும்ப நினைப்பவர். வேலைக்கு ஆள் எடுப்பதைக் கவனியுங்கள். பல்லடத்தில் லைன் வீடு (தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டும் சிறு வீடுகள்) கட்டி வாடகைக்கு விடுபவர் ஏற்றுமதி ஆர்டரைக் கவனிக்க வேண்டும். லைன் வீட்டில் வாடகை வருமானம் ஃபிளாட்டைவிட நன்றாகவே இருக்கும், ஆனால் ஆர்டர் நின்றால் வடநாட்டுத் தொழிலாளர்கள் ரயிலேறிவிடுவார்கள், ஒரே மாதத்தில் பாதி வீடுகள் பூட்டிவிடும்.

இருபது வருடக் கணிப்பு கேட்டால் எனக்கு வட்டியைவிடப் பெரிதாகத் தெரிவது மக்கள்தொகை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை. நம் பக்கம் ஒரே பிள்ளையோடு நிறுத்திக்கொள்வது ஒரு தலைமுறைக்கு முன்பே வழக்கமாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டிலும் ஒரே பிள்ளை, பெண் வீட்டிலும் ஒரே பிள்ளை. அவர்களுக்கு ஊரில் இரண்டு வீடு, இரண்டு தோட்டம், நகரத்தில் அப்பன்மார் வாங்கிப் போட்ட நாலு சைட். அந்தப் பிள்ளை ஹைதராபாத்திலோ டொராண்டோவிலோ இருக்கும். அந்தச் சைட்டெல்லாம் ஒரு நாள் விற்பனைக்கு வரும். ஊரைத் தள்ளி, தண்ணீரில்லாத இடத்தில் போட்ட சைட்டுகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை. நல்ல பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, குடிநீர் இணைப்பு உள்ள இடத்துக்கு அந்தக் கவலை இல்லை, அங்கே எங்கிருந்தாவது ஆள் வந்துகொண்டே இருப்பார்கள்.

சரி, உங்கள் மூன்று கேள்விக்கும் என் முடிவைச் சொல்கிறேன்.

ஃபிளாட். குடியிருக்க வாங்குகிறீர்கள், குறைந்தது ஏழெட்டு வருடம் கோவையில் இருப்பீர்கள் என்றால் வாங்கலாம், விலை எங்கே போகும் என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். 60 லட்சம் வீட்டுக்கு ரிசர்வ் வங்கி விதிப்படி 80 சதவீதம், அதாவது 48 லட்சம் வரை கடன் கிடைக்கும். 20 வருடத்துக்கு 7.5 வட்டியில் ஈ.எம்.ஐ சுமார் 38,700. வட்டி 9.5-க்குப் போனால் சுமார் 44,700. இந்தக் கடைசித் தொகை உங்கள் கைக்கு வரும் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்குகிறதா? அடங்கினால் எந்தக் கணிப்பு பொய்த்தாலும் நீங்கள் தாங்குவீர்கள். வட்டி ஏறும்போது வங்கி பெரும்பாலும் ஈ.எம்.ஐ-யை ஏற்றாமல் தவணைக் காலத்தை நீட்டிவிடும், அதைக் கவனிக்காமல் விட்டுவிடாதீர்கள். பதிவுச் செலவுக்கும் உள்வேலைக்கும் தனியாகப் பணம் வேண்டும். கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட் என்றால் 5 சதவீதம் ஜி.எஸ்.டி உண்டு, முடிப்புச் சான்று வாங்கியதற்கு இல்லை. ரெரா (வீடு, மனைத் திட்டங்களை முறைப்படுத்தும் அரசு ஆணையம்) பதிவு எண்ணைப் போட்டு அந்தத் திட்டத்தை இணையத்தில் பாருங்கள். முடிப்பதாகச் சொன்ன தேதி எத்தனை தடவை தள்ளிப்போயிருக்கிறது என்பது பில்டரைப் பற்றி எல்லாம் சொல்லிவிடும். பக்கத்தில் விற்காமல் கிடக்கும் முடிந்த ஃபிளாட் எத்தனை என்று வாட்ச்மேனிடம் கேளுங்கள். இரவு எட்டு மணிக்குப் போய் எத்தனை ஜன்னலில் விளக்கு எரிகிறது என்று நீங்களே எண்ணினாலும் சரி. இருள் அதிகம் என்றால் பேரத்துக்கு இடம் இருக்கிறது.

இதே ஃபிளாட்டை முதலீடாக, வாடகைக்கு விட வாங்குவதாக இருந்தால் என் பதில் வேறு. மாதம் 16,000 வாடகை வந்தால் வருடத்துக்கு 1.92 லட்சம், 60 லட்சத்துக்கு 3.2 சதவீதம். பராமரிப்பு, வரி, காலியாகக் கிடக்கும் மாதங்கள் போக இரண்டரை. கடன் வட்டி ஏழரை. வருடத்துக்கு 5 சதவீதம் விலை ஏறினால்தான் கைக்காசு போகாமல் இருக்கும், அதுவும் கட்டிடம் பழசாகிக்கொண்டே போகும்போது. வேண்டாம்.

அன்னூர் சைட். மேலே சொன்ன தாளைப் போடாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். டி.டி.சி.பி (நகர் ஊரமைப்புத் துறை) அனுமதி எண், ரெரா எண் இரண்டும் இருந்தால் மட்டும் பேசுங்கள். 'பண்ணை நிலம், இருபது சென்ட், அனுமதி தேவையில்லை' என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். நாளைக்கு வீடு கட்டக் கடன் கிடைக்காது, உங்களிடம் வாங்குபவருக்கும் கிடைக்காது. எல்லாம் சரியாக இருந்தாலும் இரண்டு வாங்காதீர்கள், ஒன்று போதும். கடனில் வேண்டவே வேண்டாம். சைட்டுக்கு வாடகை வராது, விற்க வருடக்கணக்காகலாம். முழுத் தொகையையும் வங்கி வழியாகக் கொடுத்துப் பத்திரத்தில் எழுதுங்கள். பாதியை ரொக்கமாகக் கொடுத்துக் குறைத்து எழுதினால் இன்று முத்திரைக் கட்டணத்தில் மிச்சமாகும் பணம், விற்கும்போது ஆதாய வரியில் அதைவிடப் பெரிதாகப் போய்விடும்.

அப்பாவின் காடு. அதை விற்று அன்னூரில் சைட் வாங்குவதை நான் ஏற்க மாட்டேன். ஏக்கரைக் கொடுத்துச் சென்ட் வாங்குகிறீர்கள், அதுவும் புரமோட்டர் லாபம் முழுவதையும் உங்கள் தலையில் ஏற்றிக்கொண்டு. பெருந்துறையில் சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. 2024 ஆகஸ்டில் அத்திக்கடவு–அவினாசித் திட்டம் தொடங்கி 1,045 குளம் குட்டைகளுக்குத் தண்ணீர் விடுகிறார்கள், அதில் உங்கள் வட்டாரமும் உண்டு. நிலத்தடி நீர் ஏறினால் அந்தக் காட்டின் கதையே மாறும். ஃபிளாட்டுக்கு முன்பணம் போதாமல் காட்டில் ஒரு பகுதியை விற்கத்தான் வேண்டும் என்றால், முதலில் அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 10,000 பேருக்கு மேல் வசிக்கும் நகர உள்ளாட்சியின் எல்லையிலிருந்து நேர்க்கோட்டில், அதன் மக்கள்தொகையைப் பொறுத்து 2, 6 அல்லது 8 கி.மீ. தாண்டிய விவசாய நிலத்துக்கு மூலதன ஆதாய வரியே கிடையாது. எல்லைக்குள் என்றால் உண்டு. நகராட்சி எல்லைகள் விரிந்துகொண்டே வருகின்றன, எனவே அளந்துவிட்டு முடிவு செய்யுங்கள். அப்புறம், காடு பூர்வீகச் சொத்தாக இருந்து உங்களுக்கு அக்காவோ தங்கையோ இருந்தால், 2005 சட்டத் திருத்தத்தின்படி அவர்களுக்கும் சம பங்கு உண்டு. அவர்கள் கையெழுத்து இல்லாமல் எழுதும் கிரயம் அவர்கள் பங்கைப் பொறுத்தவரை நிற்பது சந்தேகம். புரோக்கரிடம் போவதற்கு முன் அவர்களிடம் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள்.